பரிசு போகட்டும், அதோட சேந்து பில்லும் போக வேண்டாம்

வாசகி கேள்வி:

வணக்கம் மேடம். என் அம்மாவுக்கு 66 வயசு, வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னு நெனச்சே வளந்தவங்க. போன வருஷம் ஒரு ஆர்வத்துல டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தோம், வெளிநாட்டுல 71 வயசு அம்மா ஒருத்தங்க ரொம்ப நெருங்கின சொந்தம்னு வந்துச்சு. எங்க தாத்தா கல்யாணத்துக்கு முன்னாடி அந்த நாட்டுலதான் வேலை பாத்தாரு. பழைய போட்டோ, தேதி எல்லாம் வெச்சுப் பாத்தா அவங்க அம்மாவோட அக்கான்னுதான் தெரியுது. 4 மாசமா வீடியோ கால்ல பேசிட்டு இருக்கோம், இன்னும் 5 மாசத்துல நேர்ல போறோம். அதுக்கு முன்னாடியே ஒரு பெரிய பெட்டி நிறைய பரிசு அனுப்பிடணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. பெரியம்மா, அவங்க 3 பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் டிரெஸ், சென்ட், பவர் பேங்க், வீட்ல செஞ்ச பலகாரம், தாத்தாவோட மோதிரம், தாத்தா போட்டோ, அவர் கைப்பட எழுதின கடிதங்கள். பெரியம்மாவோட மூத்த பையன் மட்டும் இன்னும் நம்பாத மாதிரி இருக்காரு, அவருக்கு ஒரு டிஎன்ஏ கிட் பரிசா சேத்து அனுப்பலாமா? எதை எப்படி அனுப்பணும்னு சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், 66 வயசுல ஒருத்தங்களுக்கு அக்கா கிடைக்கறதுன்னா அந்த மனசு என்ன பாடு படும்னு புரியுது, பெட்டி பெருசா இருக்கணும்னு அவங்க அடம் பிடிக்கறதும் அதனாலதான். அந்த நாட்டோட பேரை நீங்க எழுதியிருந்தீங்க, அவங்க பக்கத்துல யாருக்கெல்லாம் விஷயம் தெரியும்னு நமக்குத் தெரியாததால அதை நான் இங்க போடல.

பார்சல் கிளியரன்ஸ் வேலைல எனக்கு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாத்த ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே மாதிரி புதுசா கண்டுபிடிச்ச சொந்தத்துக்கு ஒரு பெரிய பெட்டி அனுப்பினாரு, ஒண்ணரை மாசம் கழிச்சு "வாங்க மறுத்துவிட்டார்"ன்னு சீட்டு ஒட்டி அது திரும்பி வந்துடுச்சு. மனுஷன் உடைஞ்சு போயிட்டாரு, நம்மளை வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு முடிவு பண்ணி போன் பண்றதையே நிறுத்திட்டாரு. உண்மையில நடந்தது என்னன்னா, கதவு தட்டின டெலிவரி ஆள் சுங்க வரியும் அதுக்கு மேல ஹேண்ட்லிங் சார்ஜும் சேத்து ஒரு தொகை கேட்டிருக்காரு, பென்ஷன்ல இருக்கற அந்தப் பெரியவங்க கையில அன்னிக்கு அவ்வளவு பணம் இல்ல, அதை வெளிய சொல்லவும் வெக்கம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேச்சே இல்லாம போச்சு.

அதனால உங்க லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் நான் ஒரே கேள்வி வெச்சுத்தான் பாக்கறேன், இது போய்ச் சேந்தா பெரியம்மா தலைல ஏதாவது சுமை ஏறுமா? அது வரியா இருக்கலாம், பதிலுக்கு நாமளும் இவ்வளவு செய்யணுமேங்கற கவலையா இருக்கலாம், வீட்ல மத்தவங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நெலமையா இருக்கலாம்.

முதல்ல வரி. பரிசுன்னு எழுதிட்டா வரி கிடையாதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்லம்மா. ஒவ்வொரு நாடும் தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பற பரிசுக்கு ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு, அது வரைக்கும்தான் சலுகை. ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 45 யூரோ, பிரிட்டன்ல 39 பவுண்டு, கனடாவுல 60 கனடா டாலர், அமெரிக்காவுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர். நீங்க நெனச்சு வெச்சிருக்கற பெட்டில டிரெஸ் மட்டுமே இதைத் தாண்டிடும். இந்த எண்கள் மாறக்கூடியது, அதனால அனுப்பற வாரத்துல அந்த நாட்டு சுங்கத்துறையோட சைட்டுல ஒரு தடவை பாத்துக்கோங்க. சில நாடுகள்ல, அமெரிக்காவும் பிரிட்டனும் அதுல சேத்தி, ஒரே பெட்டிக்குள்ள பல பேருக்கு பரிசு வெச்சா ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்தி, மேல அந்தந்த ஆள் பேரை எழுதி, ஃபார்ம்லயும் தனித்தனியா விலை போட்டா ஆளுக்கு ஆள் அந்தச் சலுகை கிடைக்கும். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டினா கிடைக்காது.

வரி வராம இருக்கணும்னு விலையைக் குறைச்சுப் போடறது, சைபர்னு போடறது, இதெல்லாம் செய்யவே செய்யாதீங்க. காசு வாங்காம குடுக்கறதுதான் பரிசு, ஆனா அந்தப் பொருளுக்கு கடைல ஒரு விலை உண்டு இல்லையா, சுங்கம் கேக்கறது அந்த விலையை. சைபர்னு எழுதின பார்சலைத்தான் முதல்ல பிரிச்சுப் பாப்பாங்க, அவங்களா ஒரு விலை போட்டு பெரியம்மாகிட்ட விளக்கம் கேப்பாங்க, தொலைஞ்சு போனா நஷ்டஈடும் நீங்க எழுதின விலையைத் தாண்டி வராது.

தபால்ல அனுப்பினா ஒட்டற சுங்க ஃபார்ம் ரெண்டு வகை. சிஎன் 22ன்னு சின்னது ஒண்ணு, சிஎன் 23ன்னு பெருசு ஒண்ணு. 1874ல தொடங்கி இப்ப 192 நாடுகள் சேந்திருக்கற உலகத் தபால் ஒன்றியத்தோட ஃபார்ம் இது, அதனால எந்த நாட்டுல இருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் இதேதான். 2021 ஜனவரி 1ல இருந்து பொருள் இருக்கற ஒவ்வொரு பார்சலோட விவரமும் கம்ப்யூட்டர் வழியா முன்கூட்டியே போகணும்னு கட்டாயம் வந்துடுச்சு, கையால கிறுக்கிக் குடுத்துட்டு வர்ற காலம் போயிடுச்சு. உள்ள என்ன இருக்குன்னு எழுதற எடத்துல "பரிசு", "துணி"ன்னு மொட்டையா போட்டா நிறுத்தி வெச்சுடுவாங்க, "பெண்கள் பருத்தி சால்வை, புதுசு, 1"ன்னு விளக்கமா இருக்கணும். எச்எஸ் கோடுன்னு, பொருள் எந்த வகைன்னு காட்டற ஒரு எண் கேப்பாங்க, 6 இலக்கம், உலகம் பூரா ஒண்ணுதான், அதுல தொடக்கத்துல வர்ற 4 இலக்கம் சால்வைக்கு 6214, பொம்மைக்கு 9503, அச்சடிச்ச புத்தகத்துக்கு 4901, போட்டோ 4911க்குள்ள வரும். இந்த எண்ணைச் சரியா போட்டாலே பாதி தாமதம் குறையும். டெலிவரி ஆகலேன்னா என்ன செய்யன்னு சில ஃபார்ம்ல ஒரு எடம் இருக்கும், திருப்பி அனுப்பவா இல்ல கைவிட்டதா எடுத்துக்கவான்னு, திருப்பி அனுப்பச் சொன்னா அந்தச் செலவு உங்க தலைலதான் விழும்னு தெரிஞ்சு டிக் பண்ணுங்க.

கூரியர்ல போறதா இருந்தா டிடிபின்னு ஒரு வழி இருக்கு, வரியை அனுப்பறவங்களே கட்டிடறது. அந்த வசதி உண்டான்னு கேட்டுட்டு அப்புறம் புக் பண்ணுங்க. இன்னொண்ணு, கூரியர்ல எடை மட்டும் பாக்க மாட்டாங்க, நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க, ரெண்டுல எது பெருசோ அதுக்குத்தான் காசு. 40க்கு 30க்கு 30 பெட்டின்னா 36,000, வகுத்தா 7.2 கிலோ, உள்ள ஒரு கிலோ பஞ்சு பொம்மை இருந்தாலும் 7.2 கிலோவுக்குத்தான் கட்டணும்.

இப்ப உங்க லிஸ்டுக்கு வர்றேன். சென்ட் வேண்டாம், அது தீப்பிடிக்கற திரவம், விமானத் தபால்ல தடை. பவர் பேங்க் வேண்டவே வேண்டாம், தனியா இருக்கற லித்தியம் பேட்டரியை வெளிநாட்டுத் தபால்ல ஏத்தவே மாட்டாங்க, ஸ்கேன்ல மாட்டினா பெட்டி மொத்தமும் நின்னுடும். பலகாரமும் இந்தத் தடவை வேண்டாம்மா, பால், இறைச்சி கலந்த எதையும் ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து தனி ஆளுங்க பார்சல்ல அனுப்பக்கூடாது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ரெண்டும் விதை, தேன், காயாத செடி, பட்டை உரிக்காத மரம் எல்லாத்துலயும் ரொம்பக் கறார். அலங்காரத்துக்குன்னு சிப்பி, பவளம், இறகு வெச்சாலும் அழியற நெலமைல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்துல மாட்ட வாய்ப்பு இருக்கு. அதோட அங்க யாருக்கு எது ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாது, கொட்டை வகை அலர்ஜி இருக்கற ஒரு குழந்தை அந்த வீட்ல இருந்தா என்ன பண்றது?

டிரெஸ் விஷயத்துல எனக்கு வேற தயக்கம். எல்லாருக்கும் அளவு தெரியாது, வீடியோ கால்ல பாத்து கணிச்சது தப்பா போகும், ஒருத்தருக்கு சரியா இருந்து இன்னொருத்தருக்கு இறுக்கமா இருந்தா வாங்கினவங்களுக்கு சங்கடம். அதுக்கு மேல, 10 பேருக்கு டிரெஸ் வந்து எறங்கினா, நீங்க அங்க போகும்போது பதிலுக்கு உங்க எல்லாருக்கும் என்ன செய்யறதுன்னு அவங்க ராத்திரி பகலா யோசிப்பாங்க, அவங்க வசதி எப்படின்னு 4 மாச வீடியோ கால்ல தெரிஞ்சுக்க முடியாது. பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு நல்ல சால்வை அனுப்புங்க, அளவு பிரச்சனை இல்ல, அம்மாவே கையால தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளைங்களுக்கு ஆளுக்கொண்ணு வேண்டாம், எல்லாரும் சேந்து உக்காந்து பாக்கற மாதிரி ஒண்ணு போதும், அது என்னன்னு கீழ சொல்றேன்.

மோதிரம். இதைத் தபால்ல போடறதை நெனச்சே பாக்காதீங்க. தங்கம், வெள்ளி, நகை, ரூபாய் நோட்டு எல்லாம் காப்பீடு செஞ்ச தபால்ல மட்டும்தான் போகலாம்னு உலகத் தபால் விதி, அதுலயும் பல நாடுகள் அதை ஏத்துக்கறதே இல்ல. போனா போச்சு, தாத்தாவோட மோதிரம் ரெண்டாவது கிடையாது. கையோட எடுத்துட்டுப் போங்க, கிளம்பறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சு, ஒரு மதிப்பீட்டுச் சீட்டும் வாங்கிக்கோங்க, ரெண்டு பக்க சுங்க விதியும் பாத்து சொல்ல வேண்டிய எடத்துல மறைக்காம சொல்லிடுங்க. அதை விட முக்கியம், அந்த மோதிரத்தைக் குடுக்கறதா வேண்டாமாங்கறதை அம்மா அக்காவை நேர்ல பாத்த பிறகு முடிவு பண்ணட்டும். அப்பாவைப் பாக்காமலே வளந்த ஒரு பொண்ணுக்கு அந்த மோதிரம் சந்தோஷத்தைத் தருமா, ஆறின புண்ணைக் கீறுமான்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. தரும்னா, ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து வர்றதை விட தங்கச்சி கையில இருந்து வர்றதுதான் சரி.

டிஎன்ஏ கிட், இதுக்கு ஒரே வார்த்தைல வேண்டாம். அந்தப் பையன் நம்பல, அது அவரோட உரிமை, அம்மா ரொம்ப வயசான காலத்துல திடீர்னு ஒரு தங்கச்சி வந்து நிக்கறாங்கன்னா எந்தப் பிள்ளையும் யோசிக்கத்தான் செய்வான், அவர் கையில நீங்க ஒரு கிட்டைக் குடுத்தா அது பரிசு இல்ல, பரீட்சை. சட்டமும் இருக்கு, பிரான்ஸ்ல மருத்துவமோ கோர்ட்டோ சொல்லாம சொந்தமா டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா 3,750 யூரோ வரைக்கும் அபராதம். இதுல உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஒரே அப்பா வேற அம்மான்னு இருக்கற சகோதரிங்களுக்கு நடுவுல சராசரியா 25 சதவீதம் டிஎன்ஏ ஒத்துப்போகும், ஆனா அத்தைக்கும் அவங்க அண்ணன் பொண்ணுக்கும், பாட்டிக்கும் பேத்திக்கும் கூட அதே 25தான். வயசும் போட்டோவும் தேதியும் சேந்துதான் உங்க விஷயத்துல அக்கான்னு காட்டுது, டெஸ்ட் மட்டும் தனியா அதைச் சொல்லல. அந்தப் பையன் கேள்வி கேட்டா "டெஸ்ட்லயே வந்துடுச்சே"ன்னு வாயை அடைக்காம, உங்ககிட்ட இருக்கற தேதிகளைக் காட்டுங்க, அவர்கிட்ட இருக்கறதைக் கேளுங்க.

இனி எதை அனுப்பறதுன்னு. என்னைக் கேட்டா உங்க வீட்ல இருக்கறதுலயே பெரியம்மாவுக்கு வேற எங்கயும் கிடைக்காத பொருள் தாத்தா போட்டோவும் அந்தக் கடிதங்களும்தான், அதைத்தான் அனுப்பணும், ஆனா ஒரிஜினல் ஒண்ணு கூட வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. எல்லாத்தையும் 600 டிபிஐங்கற தெளிவுல ஸ்கேன் பண்ணுங்க, கடிதத்தோட பின்பக்கம், கவர், முத்திரை எல்லாம் சேத்து, அதுல இருக்கற தேதிதான் நாளைக்கு உதவும். நல்ல பேப்பர்ல பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பமா பண்ணுங்க, ஆசிட் இல்லாத பேப்பர்னு கேட்டு வாங்குங்க, உறை போடறதா இருந்தா பாலிப்ரொப்பிலீன் உறை, பிவிசி கவர்ல வெச்சா நாளடைவுல போட்டோ ஒட்டிக்கிட்டு நிறம் மாறிடும். ஒவ்வொரு போட்டோவுக்கும் யார், எங்க, எந்த வருஷம்னு அவங்க படிக்கற மொழில ஒரு வரி, கடிதங்களுக்கு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கும்போது அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியும் படிச்சுப் பாக்கட்டும், தாத்தா எழுதினதுல பெரியம்மாவோட அம்மாவைப் பத்தி ஏதாவது வலிக்கற மாதிரி இருந்தா அதை முன்னறிவிப்பு இல்லாம பார்சல்ல அனுப்பாதீங்க, அதை நேர்ல, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும்.

ஆல்பத்தோட கடைசில குடும்ப மரம் ஒண்ணு வரைஞ்சு வைங்க, உங்க பக்கம் நிரப்பி, அவங்க பக்கத்தைக் காலியா விட்டு. அதுல தாத்தாவுக்குப் பக்கத்துல உங்க பாட்டி, பெரியம்மாவோட அம்மா ரெண்டு பேரோட பேரையும் போடும்போது முதல், ரெண்டாவது, மனைவி, இந்த மாதிரி எந்த வார்த்தையும் வேண்டாம், பேர் மட்டும். அங்க என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது, அவங்க அம்மாவுக்கு நாம ஒரு பட்டம் குடுக்க நாம யாரு. மூத்த பையன், பேரப்பிள்ளைங்க எல்லாரும் சேந்து உக்காந்து பாக்கப் போறது இந்த ஆல்பம்தான். அதோட அம்மா கைப்பட எழுதின ஒரு பக்கக் கடிதம், எழுத்துப்பிழை இருந்தா இருக்கட்டும், திருத்தாதீங்க.

இவ்வளவும் சேந்தா 2 கிலோவுக்குள்ள வந்துடும், சிறு பொட்டலம்ங்கற வகைல போகும், நீளம் அகலம் உயரம் மூணும் சேத்து 90 சென்டிமீட்டருக்குள்ளயும் எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டாமலும் பாத்துக்கோங்க. டிராக்கிங் உள்ளதா எடுங்க. ஆல்பத்துக்கு ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை, ஈரம் புகாத கவர், உள்ள இன்னொரு சீட்டுல ரெண்டு முகவரியும், வெளிய இருக்கற லேபிள் கிழிஞ்சு போனா அதுதான் காப்பாத்தும். பரிசுத் தாள் சுத்தி டேப்பை இறுக்கி ஒட்டாதீங்க, சுங்கத்துல பிரிச்சா கிழிச்சுடுவாங்க.

முகவரியைப் பத்தி கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். நெட்டுல தேடி எடுத்த முகவரிக்கு அனுப்பாதீங்க, பெரியம்மாகிட்டயே கேளுங்க, எங்க அனுப்பினா உங்களுக்கு வசதின்னு கேளுங்க. சிஎன் 22 பார்சலோட வெளிப்பக்கம் ஒட்டறது, கதவு திறக்கற யாரும் படிக்கலாம், அதுல "குடும்ப போட்டோ"ன்னு இருக்கும், உங்க அம்மா பேர் இருக்கும். அவங்க கணவர் வீட்டு ஆளுங்களுக்கோ அக்கம்பக்கத்துக்கோ இந்த விஷயம் இன்னும் தெரியாம இருக்கலாம், அதை நம்ம பார்சல் போய் உடைச்சுச் சொல்லக்கூடாது. பேரு கதவுல, அடையாள அட்டைல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, கூட போன் நம்பர். அனுப்பறவர் எடத்துல உங்க பேர் வேண்டாம், அம்மா பேர் இருக்கட்டும், அவங்களுக்குப் பழகின பேர் அதுதான்.

அனுப்பின அன்னிக்கே லேபிளை போட்டோ எடுத்து, டிராக்கிங் நம்பரோட, நீங்க வழக்கமா பேசற அதே நம்பர்ல இருந்து அனுப்புங்க. "உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பரிசு வந்திருக்கு, சுங்கத்துல நிக்குது, பணம் கட்டுங்க"ன்னு வர்ற மோசடி மெசேஜ் எல்லா நாட்டுலயும் இருக்கு, புதுசா கிடைச்ச சொந்தம், வெளிநாட்டுப் பார்சல்னு கேட்டதுமே அந்தப் பையனுக்கு முதல்ல தோணப் போறது இதுதான். அதனால முன்னாடியே சொல்லிடுங்க, சின்னப் பொட்டலம், நீங்க எதுவும் கட்ட வேண்டியது வராது, யாராவது காசு கேட்டா கட்டாம எங்ககிட்ட சொல்லுங்கன்னு. உங்களுக்கும் அதே மாதிரி மெசேஜ் வந்தா லிங்க்கைத் தொடாம, டிராக்கிங் சைட்டுல நம்பரை நீங்களே போட்டுப் பாருங்க.

நேரம்னு பாத்தா, விமானத் தபால் ரெண்டு மூணு வாரத்துல போகலாம், கப்பல்ல போனா ரெண்டு மூணு மாசம் கூட ஆகும், அதனால கப்பல் வேண்டாம். ரெண்டாவது மாசக் கடைசில அனுப்பிடுங்க, அப்பதான் ஏதாவது சிக்கல்னு திரும்பி வந்தாலும் நீங்க கிளம்பறதுக்குள்ள இன்னொரு தடவை அனுப்ப நாள் இருக்கும், அவங்களும் ஆல்பத்தைப் பாத்து அழுது சிரிச்சு, பேச வேண்டியதைப் பேசி, காலியா விட்ட அந்தப் பக்கத்தை நிரப்ப நேரம் கிடைக்கும். பெரிய பெட்டி ஆசையை அம்மா விட வேண்டாம், நேர்ல போய் வந்த பிறகு யாருக்கு எது பிடிக்கும், எது அளவுன்னு தெரிஞ்சு அனுப்பலாம், அடுத்த வருஷமும் அனுப்பலாம்.

அதுக்குள்ள ஒரு வேலை இருக்கு, இன்னிக்கே ஆரம்பிங்க. தாத்தா போட்டோ எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டு, அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, ஒவ்வொண்ணுலயும் இருக்கறவங்க யாருன்னு கேட்டு போட்டோ பின்னாடி ஓரத்துல எழுதுங்க. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும், மெத்துனு இருக்கற பென்சில்ல லேசா எழுதுங்க. 66 வயசு ஞாபகம் இன்னிக்கு இருக்கற மாதிரி எப்பவும் இருக்காது, அவங்களை விட்டா அந்தப் பேர் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லைன்னு நெனைக்கறேன்.